அக்கா வீட்டில் இல்லை

அனுஷியாவுக்குத் தங்கச்சி கிடையாது. தாய் தகப்பனுக்கு அவள் ஒரே பிள்ளை. மூதூர்ப் பக்கம் பிறந்து, சாரங்கனைக் கட்டி, சல்லி என்கிற கரையோர ஊருக்கு வந்தவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நேரத்தில், தங்கச்சி ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

வெளியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அனுஷியா முன்கதவைச் சாத்திவிட்டு யன்னல் சீலைக்குப் பின்னால் ஒதுங்கினாள். லோன் தவணை எடுக்க வருகிற றம்ஸான்தான். கிண்ணியாப் பொடியன், பாலையூற்றில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். சத்தம் போடத் தெரியாதவன். ஆனால் கூப்பிடத் தொடங்கினால் பதில் வரும்வரை கூப்பிடுவான்.

"அனுஷியா அக்கா! அக்கா!"

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய முழங்கை பட்டுச் சீலை அசைந்துவிட்டது.

"உள்ளுக்க ஆரோ நிக்கிறீங்கள். தெரியுது."

இனிப் பேசாமல் நிற்க முடியாது. வாயைத் திறந்தபோது, தன்னுடையதல்லாத ஒரு மெல்லிய குரல், மூக்கால் இழுத்தபடி வந்தது.

"அக்கா வீட்டில இல்லை."

"அப்ப நீங்கள் ஆர்?"

"தங்கச்சி."

"பேர்?"

"கௌசி."

எங்கிருந்து அந்தப் பெயர் வந்ததென்று அவளுக்கே தெரியாது. றம்ஸான் கொப்பியில் ஏதோ குறித்தான். "அக்கா வந்தா, பின்னேரம் வருவன் எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனபிறகு அனுஷியா நிலத்தில் குந்தி இருந்து சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

கடன் ஒன்றாகத் தொடங்கி மூன்றாக நின்றது. முதலில் படகு எஞ்சினுக்கு லீசிங். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் காய்ந்த வருடத்தில் தவணை பிந்தியது. எஞ்சினைக் கம்பனிக்காரர் கழற்றிக்கொண்டு போனார்கள், கடன் மட்டும் மிஞ்சியது. சாரங்கன் கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் கட்டிய காசு இரண்டாவது கடன். அந்த இரண்டையும் சமாளிக்க எடுத்தது மூன்றாவது. ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருத்திக்கு மற்ற நான்கு பேரும் கையெழுத்து வைத்து எடுக்கிற கிழமைக் கடன் அது. செவ்வாய் தோறும் குழு மீற்றிங்கில் தவணை கட்டவேண்டும், வராதவளைத் தேடி றம்ஸான் வீட்டுக்கு வருவான். அதன் வட்டி எவ்வளவு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவுமில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. பிந்தினால் தண்டம், தண்டத்துக்கும் வட்டி. சாரங்கன் அனுப்புகிற காசு வந்த அன்றே போய்விடும்.

அந்த நாளுக்குப் பிறகு செவ்வாய் தோறும் கௌசிதான் பதில் சொன்னாள். அனுஷியா அதில் நன்றாகத் தேறிவிட்டாள். கௌசிக்குக் காய்ச்சல் வந்தது. கௌசிக்கு வெட்கம், வெளியில் வரமாட்டாள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், அக்கா ஊருக்குப் போய்விட்டாள். அயல் வீட்டுக்காரரும் யாரோ மூதூரிலிருந்து வந்து நிற்கிறாள் போல என்று விட்டுவிட்டார்கள். மற்ற நாட்களில் அனுஷியா விடியப் புறப்பட்டு, பின் ஒழுங்கையால் கரையோர றோட்டுக்கு ஏறி, நிலாவெளி ஹோட்டல்களுக்குக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பொழுது சாய்கிற நேரம் வருவாள். குழுப் பெண்களின் கண்ணில் படாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய பாடு.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹோட்டல்காரர் அவசரமாகக் கூப்பிட்டதால் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கினால், சந்தியில் றம்ஸான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சோடா குடித்துக்கொண்டிருந்தான். ஒளிக்க இடமில்லை.

"இப்பதான் உங்கட வீட்ட போட்டு வாறன் அக்கா" என்றான் அவன். "நீங்கள் நிலாவெளிக்குப் போட்டீங்கள் எண்டு தங்கச்சி சொன்னா."

அனுஷியா கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்தாள். நிலாவெளிக்குப் போவதாக அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. 'என்னைப் பரிசோதிக்கிறான்' என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. "அடுத்த கிழமையாவது தாங்கோ அக்கா, மனேஜர் என்னைத்தான் ஏசுறார்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து பார்த்தாள். கதவில் ஆமைப்பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே ஒன்றும் குறையவில்லை. சாப்பாட்டு மேசையோடு நின்ற கதிரை மட்டும் யன்னலடியில், சீலைக்குப் பின்னால், வெளியைப் பார்த்தபடி நின்றது. தானேதான் போட்டிருக்கவேண்டும் என்று எண்ணி அதை மேசைக்குத் தள்ளிவிட்டாள். மறுநாள் வேலையால் வந்து பார்த்தபோது கதிரை திரும்பவும் யன்னலடியில் நின்றது.

அந்தக் கிழமை சாரங்கன் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நேற்று எடுத்தனான். ஆரோ ஒரு பொம்பிளை எடுத்து, அக்கா வீட்டில இல்லை எண்டு சொன்னா. ஆர் அவ?"

முதல்நாள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அவள் கடற்கரைக்குப் போயிருந்தாள். வீடு பூட்டியிருந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அந்த அழைப்பில் நான்கு நிமிடம் கதைத்ததாகக் காட்டியது.

"நாலு நிமிசம் என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லை. ஹலோ ஹலோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். அவ வைக்கவுமில்லை. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டது. அனு, உன்ர மூச்சு மாதிரித்தான் இருந்தது. விளையாடுறியோ என்னோட?"

"லைன் குழம்பியிருக்கும்" என்றாள் அவள்.

பயந்தாள் என்பது உண்மை. அன்று குத்துவிளக்கை ஏற்றி, வீட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஆனால் அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் நிற்காமல் போகத் தொடங்கியதும் உண்மைதான். கதவைப் பூட்டிவிட்டு வெளியே இறங்கும்போது அவளையறியாமல் வாய் "நான் போட்டு வாறன்" என்று சொல்லும். உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும் அவளுக்காக நிற்கிறது, அவளுக்காகப் பதில் சொல்கிறது. அவள் புருசன் உட்பட இந்த இரண்டு வருடத்தில் வேறு யாரும் அவளுக்காக அந்தக் கதவடியில் நின்றதில்லை. இப்படி ஒரு நிம்மதி தனக்கு வந்ததையிட்டு அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் அது நிம்மதிதான்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று எரிந்து வீசத் தொடங்கிய நாட்களில் ஒரு முற்பகல், முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பின்புறம் அவள் சீதேவியை நேருக்கு நேர் சந்தித்தாள். சீதேவி குழுவில் மூத்தவள். புருசனும் மகனும் கரைவலை இழுக்கிறவர்கள், இவள் மீன் காயப்போடுகிறவள். அனுஷியாவைக் கண்டதும் சீதேவி இறந்த ஆளைக் கண்டவள்போல் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"எடி பிள்ளை! நீ கொழும்புக்குப் போட்டாய் எண்டெல்லோ..."

அனுஷியா அவளுடைய காதைப் பார்த்தாள். தோடு இருந்த துளையில் ஈர்க்குத் துண்டு செருகியிருந்தது.

"தோடு எங்கையக்கா?"

"காசுக்கு அடைவு வைச்சிட்டன்." சீதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன்ர தவணையை ஆர் கட்டுறது எண்டு நினைச்சாய்? நாங்கள் நாலு பேரும் பிரிச்சுத்தான் கட்டுறம். கட்டாட்டி அடுத்த லோன் ஒருத்தருக்கும் இல்லையாம், மீற்றிங்கில இருந்து எழும்பவும் விடமாட்டாங்கள். உன்ர வீட்ட எத்தினை தரம் வந்தனான் தெரியுமோ? உன்ர தங்கச்சி யன்னலால சொன்னாள், அக்கா கொழும்புக்குப் போட்டா, இனி வரமாட்டா எண்டு."

"இனி வரமாட்டா எண்டோ?"

"அப்பிடித்தான் சொன்னாள். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாள்."

தான் ஒளித்தால் அந்தப் பாரம் எங்கே போகும் என்று அனுஷியா எண்ணிப் பார்க்காமல் இருந்தவளல்ல. எண்ணம் வந்த ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவிட்டிருந்தாள். இப்போது அது ஈர்க்குத் துண்டாக ஒரு மனிசியின் காதில் நின்றது. வீட்டில் சீனிப் பேணிக்குள் கருவாட்டுக் காசு கொஞ்சம் இருந்தது. "இதில நில்லுங்கோ அக்கா, இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

உச்சி வெயில். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. தகர வேலிகள் காற்றில் படபடத்தன. அவள் ஆமைப்பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். கதவு திறக்கவில்லை. உள்ளே கொண்டி போட்டிருந்தது.

தோளால் தள்ளினாள், தட்டினாள். உள்ளே கதிரை நிலத்தில் அரைபடும் சத்தம் கேட்டது. யன்னல் சீலை இலேசாக அசைந்தது.

"ஆர்?" என்றது குரல். மெல்லிய குரல், மூக்கால் இழுத்தபடி.

"நான்" என்றாள். பிறகு, ஏனென்று தெரியாமல், முழுப் பெயரையும் சொன்னாள். "அனுஷியா."

"அக்கா வீட்டில இல்லை."

அதில் கோபமில்லை, மிரட்டல் இல்லை. வந்த ஆளைத் திருப்பி அனுப்பப் பழகிய மரியாதைதான் இருந்தது. அனுஷியாவின் வாய் தன்பாட்டில் கேட்டது.

"எப்ப வருவா?"

"இனி வரமாட்டா."

சீலை அசையாமல் நின்றது. அனுஷியா சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் பின்னால் கதவு திறக்கும் என்று பயமாக இருந்தது.

சீதேவியின் குசினியில் இருந்து, தண்ணீர் குடித்து, எல்லாவற்றையும் சொன்னாள். சீதேவி கடைசிவரை கேட்டாள். கேட்டு முடிய அவளுக்கு வந்தது கோபம்.

"அப்ப இவ்வளவு நாளும் அந்த மூதேசியோடயோ நான் நிண்டு கதைச்சனான்? முந்தி ஒருநாள் உனக்குக் காய்ச்சல் எண்டு அவள் சொல்ல, நான் கஞ்சி வேற கொண்டுவந்து யன்னலடியில வைச்சனான்!"

"கஞ்சியோ? நான் காணேல்லையே அக்கா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சீதேவி எழுந்து பின்கதவையும் சாத்தினாள். அன்றைக்கு அனுஷியா அங்கேயே படுத்தாள்.

மறுநாள் சீதேவியே அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனாள். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசுகிற அலுவலகம் ஒன்று நீதிமன்றத்துக்குக் கிட்ட இருந்தது. அங்கே நபீஸா என்ற சட்டத்தரணி இருந்தாள். சின்ன வயதுதான். சீதேவி கொண்டுவந்த குழுக் கடன் புத்தகங்களை வாங்கிப் பார்த்துக்கொண்டே, இடையிடையே கல்குலேட்டரைத் தட்டினாள். தங்கச்சியைப் பற்றி அனுஷியா ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் ஒரேயடியாத் தீர்க்க வழியில்லையோ மிஸ்?" என்று கேட்டாள்.

"இருக்கு. கடன் கட்ட ஏலாது, வங்குரோத்து எண்டு மாவட்ட நீதிமன்றத்தில மனுப் போடலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். உங்களிட்ட இருக்கிறதையெல்லாம் நீதிமன்றத்திட்ட ஒப்படைக்கவேணும். பேர் பகிரங்கமா வரும். காலமும் எடுக்கும். கடைசியில நீதிபதி விடுவிச்சா, கடன் குடுத்த ஆக்கள் உங்களைத் தொட ஏலாது."

"நாடே வங்குரோத்து எண்டு சொல்லேல்லையோ? இவள் சொன்னா என்ன?" என்றாள் சீதேவி.

நபீஸா சிரித்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு அனுஷியாவைப் பார்த்தாள். "ஆனா ஒண்டு. உங்களுக்காகக் கையெழுத்து வைச்ச ஆக்களை அந்தச் சட்டம் விடுவிக்காது. நீங்கள் தப்புவீங்கள். கம்பனி அந்த நாலு பேரிட்டயும் போகும்."

சீதேவி தன்னையறியாமல் காதைத் தடவினாள்.

"அப்ப வேண்டாம் மிஸ்" என்றாள் அனுஷியா. "அதுவும் வீட்டில இல்லை எண்டு சொல்லுறது மாதிரித்தான்."

"அப்பிடிச் சொல்லாதீங்கோ. கையெழுத்துக்காரர் இல்லாத ஆளெண்டா நானே மனுப் போடச் சொல்லியிருப்பன். அதில வெட்கப்பட ஒண்டுமில்லை" என்றாள் நபீஸா. "உங்களுக்கு மற்ற வழி நல்லது. அஞ்சு பேரும் சேர்ந்து வாங்கோ. கட்டின கணக்கு முழுக்க எழுத்தில கேட்பம். தண்ட வட்டி சட்டம் விட்டதைவிடக் கூட எண்டு எனக்குப் படுது. நான் கடிதம் போடுறன், அவையள் இறங்கி வருவினம். ஒரு நிபந்தனை. ஒளிக்கக்கூடாது. ஒளிச்சா, ஏமாத்தினவ எண்டு எழுதிப்போடுவாங்கள். கதவைத் திறந்துபோட்டு முன்னால வந்து இருந்து கதைக்கவேணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மீற்றிங்கைத் தன் வளவிலேயே வைக்கும்படி அனுஷியா கேட்டாள். ஐந்து பெண்களும் ஒன்றாகப் போனார்கள். சாவி பூட்டில் அப்படியே தொங்கியது. கதவு ஒரு விரலால் தள்ளத் திறந்தது. ஒருத்தரும் உள்ளே போகவில்லை. முற்றத்தில் பாயை விரித்து இருந்தார்கள்.

றம்ஸான் வந்து, ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டான். நான்கு பெயர் முடிந்தது.

"அனுஷியா."

"இருக்கிறன்" என்றாள் அனுஷியா.

"அக்கா வீட்டில இல்லை" என்றது யன்னல்.

ஐந்து பெண்களுக்கும் கேட்டது. ஒருத்தியின் கையிலிருந்த பணப்பை மண்ணில் விழுந்தது. றம்ஸான் பேனையைப் பிடித்தபடி யன்னலைப் பார்த்தான். பிறகு அனுஷியாவைப் பார்த்தான். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அவன் ஒருநாளும் கண்டதில்லை. அவன் முகம் சாம்பல் நிறமானது.

"உள்ளுக்க... ஆர் அக்கா?"

அனுஷியா எழுந்தாள். சீதேவி அவளுடைய கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே யாருமில்லை. யன்னலடியில் கதிரை இருந்தது. அதன் கீழே சீதேவி வைத்த கஞ்சிக் கோப்பை, துடைத்து எடுத்ததுபோலச் சுத்தமாக, கவிழ்த்து வைத்திருந்தது. அனுஷியா கதிரையின் பலகையில் கையை வைத்தாள். சூடாக இருந்தது, இப்போதுதான் ஒருத்தி எழும்பிப் போனது மாதிரி. சீலையின் மறுபக்கம் முற்றமும் அதில் இருந்த பெண்களும் மங்கலாகத் தெரிந்தார்கள். இங்கே நின்று பார்த்தால் எல்லாரும் தூரத்தில் இருப்பவர்கள் போலத்தான் தெரிவார்கள். இங்கேயே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது தன் எண்ணமா, இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கௌசி" என்றாள் அவள் மெதுவாக. "எனக்குத் தங்கச்சி இல்லை. கடன் என்ர. நானே கதைக்கிறன்."

காதருகில் ஒரு மூச்சு நின்று, பிறகு இல்லாமல் போனது. அனுஷியா கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, றம்ஸானுக்கு முன்னால் போட்டு, அதில் இருந்தாள்.

"தம்பி, எனக்குத் தங்கச்சி ஒருத்தியும் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. சொன்னது பொய். இந்த மனிசிமார் எனக்காகக் கட்டினதுக்கு இவைக்கு முன்னால மன்னிப்புக் கேக்கிறன். இனி எங்கட கணக்கை எழுத்தில தாங்கோ. இது எங்கட சட்டத்தரணியின்ர கடிதம்."

றம்ஸான் கடிதத்தை வாங்கினான். அதை அவன் வாசிக்கவில்லை. யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பனி முதலில் முறைத்தது. பிறகு நபீஸா மூன்று முறை எழுதியதும் கணக்கு வந்தது. ஐந்து பேரும் வாங்கின முதலை எப்போதோ கட்டி முடித்திருந்தார்கள். கம்பனி தண்ட வட்டியை விட்டுக்கொடுத்து, மிச்ச வட்டியை மாதத் தவணையாக, அனுஷியாவால் முடிந்த அளவில் வாங்கச் சம்மதித்தது. லீசிங் கடனும் ஏஜென்சிக் கடனும் அப்படியே நின்றன. அவற்றுக்காகச் சாரங்கன் இன்னொரு ஒப்பந்தம் கட்டாரில் இருக்கவேண்டி வந்தது. அனுஷியா போனில் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் "இப்ப கதைக்கிறது நீதானே?" என்று கேட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கதை தொடங்கமுன் அதைக் கேட்பான். கருவாட்டுக் காசில் முதலில் சீதேவியின் தோடு மீண்டது. கதிரை வைத்த இடத்தில் நின்றது. வீடு வெறும் வீடாக இருந்தது. சில செவ்வாய்க்கிழமைகளில் அந்த அமைதி அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக்கூடத் தெரிந்தது.

மாரி தொடங்கச் சற்று முன்னர், ஒரு பின்னேரம், படலையில் ஓர் ஆள் நின்றது. றம்ஸான். கம்பனி ஹெல்மெற் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. பஸ்ஸில் வந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வேலையை விட்டிட்டன் அக்கா" என்றான். தேத்தண்ணீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தானே தவிரக் குடிக்கவில்லை. "விட்டிட்டன் எண்டு சொல்லக் கூடாது. நிப்பாட்டிப் போட்டாங்கள். கட்டாத ஆக்களின்ர தவணையை என்ர கையால போட்டுத்தான் கணக்குக் காட்டினனான். அதுக்குப் போனில லோன் எடுத்தனான். போனுக்குள்ள இருக்கிற அப்புகள் குடுக்கிற லோன். ஒண்டை அடைக்க இன்னொண்டு. விடியமுந்தித் தொடங்கிக் காசு கேட்டுப் போன் எடுப்பாங்கள். உம்மாவுக்கும் எடுத்து ஏசுறாங்கள்."

"சொல்லியிருக்கலாமே தம்பி."

"ஒருநாள் ஏலாமக் கிடந்து, குரலை மாத்தி, நான் தம்பி கதைக்கிறன், நானா இல்லை எண்டு சொன்னனான்." கிண்ணியாவில் அண்ணனை நானா என்பார்கள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எனக்குத் தம்பி இல்லை அக்கா."

அனுஷியா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முந்தநாள் பள்ளிக்குப் போட்டு வந்து அறையைத் திறக்கப் பார்த்தனான். உள்ளுக்குக் கொண்டி. தட்டினனான். நானா இல்லை எண்டு சொல்லிச்சு. உங்களுக்கு அது எப்பிடிப் போச்சுது எண்டு கேட்கத்தான் வந்தனான்."

அவள் எழுந்து யன்னலைச் சாத்தினாள். அலுமாரியைத் திறந்து குடையையும் கைப்பையையும் எடுத்தாள்.

"உங்களுக்காக ஆரும் கையெழுத்து வைச்சிருக்கினமோ?"

"இல்லை அக்கா. நான் தனிய."

"அப்ப நாளைக்குக் காலமை நபீஸா மிஸ்ஸிட்டப் போவம். நான் வேண்டாமெண்ட அந்த மனு வழி உங்களுக்குச் சரிவரும்." செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "அவன் இப்ப எங்க?"

"அறையிலதான். யன்னலுக்குப் பக்கத்தில ஆரோ இருக்கிற மாதிரி வெளியில நிண்டு பார்த்தாலே தெரியுது."

"உங்கட பேரை நீங்கள் சொல்லேக்க நான் பக்கத்தில நிக்கிறன்" என்றாள் அனுஷியா. "பயப்பிடாதைங்கோ. அது உங்களை ஒண்டும் செய்யாது. நீங்கள் இல்லை எண்டு நம்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்."

கதவைப் பூட்டினாள். இரண்டு பேரும் பாலையூற்றுப் பக்கம் போகிற பஸ்ஸுக்காகக் கரையோர றோட்டுக்கு நடந்தார்கள். கடலின் மேல் மழை இருண்டுகொண்டு வந்தது.